ஓடை கொடுத்த டின்கள்

நல்லதென்று நம்பிச் செய்த வேலை ஓர் உயிரைக் கொண்டுபோய்விட்டால், அந்த வேலையை மறுபடியும் செய்யலாமா?

படித்தவர்கள் இந்தக் கேள்வியை எண்ணம் ஒரு பக்கம், விளைவு ஒரு பக்கம் என்று பிரித்துவைத்துக்கொண்டு நெடுநேரம் பேசக்கூடும். பாஞ்சாலைக்குப் படிப்பு கிடையாது. கைநாட்டுதான். ஜவ்வாது மலையில் மேல்நாவல் என்கிற முப்பத்திரண்டு வீட்டு ஊரில், சாமை விதைத்தும் புளி உலுக்கியும் கடுக்காய் பொறுக்கியும் பிழைத்தவள். அவளிடம் இந்தக் கேள்வி வார்த்தையாக வரவில்லை. மூடி போட்ட ஒரு தகர டின்னாக வந்தது.

ஊருக்குக் கீழே நாவலோடை ஓடுகிறது. சித்திரையில் காளியம்மன் திருவிழா. அதற்கு மூன்று நாள் முன்னால் வீட்டுக்கு ஓர் ஆள் ஓடையில் இறங்கி, மேல்பாறையிலிருந்து கீழ்மடு வரைக்கும் வண்டலையும் சருகையும் விழுந்த கிளைகளையும் அள்ளிக் கரையேற்றுவார்கள். ஓடை வழிக்கிறது என்று அதற்குப் பெயர். வராத வீட்டுக்குத் தண்டம் கிடையாது, வந்தவர்களுக்குக் கூலியும் கிடையாது. ஒரே ஒரு வழக்கம் உண்டு: வழிக்கும்போது கையில் அகப்படுவது எதுவானாலும் அது எடுத்தவருக்கே. நல்ல மரக்கட்டை, ஒரு கெளுத்தி மீன், எப்போதோ ஒரு முறை வெள்ளிக் கொலுசு. "ஓடை குடுத்தது" என்பார்கள். அதற்கு மேல் யாரும் கேட்க முடியாது.

எழுபத்து நான்கில் மலைக்குத் தார் ரோடு வந்தது. ரோட்டோடு கீழ்நாட்டுக்காரர்களும் வந்தார்கள். வேன் பிடித்து வந்து மடுவில் குளித்துவிட்டு, சாப்பிட்ட இலையையும் உடைத்த சீசாவையும் அறுந்த செருப்பையும் சோப்புக் காகிதத்தையும் விட்டுவிட்டுப் போனார்கள். மூன்று மணி நேரத்தில் முடிந்துகொண்டிருந்த வேலை ஒரு நாள் முழுக்க ஆயிற்று. வேலை கூடக் கூட ஆள் குறைந்தது. எண்பதில் ஒன்பது பேர்தான் இறங்கினார்கள்.

எண்பத்தொன்றில் பாஞ்சாலை வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டாள். அவளை யாரும் அனுப்பவில்லை. அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். ஓங்கிய உருவம், உரத்த குரல், அடுத்தவர் வேலையிலும் தலையிடுகிற சுபாவம். அவளைப் பிடிக்காதவர்கள் ஊரில் நான்கைந்து பேராவது இருந்தார்கள்.

"வர மாட்டேன், போ" என்றான் அடுத்த வீட்டுக் கிருஷ்ணன். "குளிக்கறவன் சீசாவ ஒடைச்சுப் போட்டுட்டுப் போவான், நான் குனிஞ்சு பொறுக்கணுமா? அவன் வூட்டு வேலைக்காரனா நானு?"

"குளிச்சவன் வண்டி ஏறிப் போய்ட்டான். குடிக்கறது நாமதான?"

"ஓடுற தண்ணி, தானே அடிச்சுக்கினு போயிடும்."

"கீழ் ஊருக்காரன் வாயில போய் நிக்கும், பரவால்லியா?"

"அது அவன் பாடு."

குடிக்கிறது நாம்தானே என்பதுதான் அவளிடம் இருந்த ஒரே நியாயம். எட்டு வீட்டில் அதைச் சொன்னாள். இரண்டு வீடுதான் அசைந்தது. ஒன்பதாவது வீட்டில் தொடங்கி, முன்னால் மறுத்த வீடுகளிலும், அவள் வேறு ஒன்றைச் சொன்னாள். கடுக்காய் பொறுக்கப் போனபோது மேல்பாறைக்குப் பக்கத்தில் பார்த்த விஷயம் அது.

"மூடி போட்ட டின்னு கெடக்குது, தெரியுமா? கெட்டித் தகரம். நானே எண்ணிட்டு வந்தேன், ஏழெட்டு இருக்கும். வர்றவங்களுக்குக் கெடைக்கும், வராதவங்க வாயப் பாத்துக்கினு இருங்க."

மலையில் அந்த நாளில் மூடியுள்ள டின் என்பது சின்னப் பொருள் இல்லை. சுரைக்குடுவையும் மண்பானையும் எலிக்கும் கரையானுக்கும் தப்புவதில்லை. மறுநாள் காலையில் பாஞ்சாலையோடு சேர்த்துப் பத்தொன்பது பேர் ஓடையில் நின்றார்கள். கிருஷ்ணன்தான் முதல் ஆளாக வந்திருந்தான்.

*

அன்றைக்கு வேலை நன்றாகவே நடந்தது. நீர் வற்றி, பாறைகளின் இடுக்கெல்லாம் தெரிந்தது. மூங்கில் கூடைகளில் கண்ணாடித் துண்டுகளை அள்ளிக் கரைக்கு ஏற்றினார்கள். ராணியம்மாளின் உள்ளங்கை கிழிந்தது. அவள் பச்சிலையைக் கசக்கி வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

ராணியம்மாள் பாஞ்சாலைக்கு ஓரகத்தி. பாஞ்சாலையின் புருஷன் அர்ச்சுனனுக்கு அண்ணன் தீர்த்தகிரி, அவனுடைய மனைவி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதிலும் ஆள் நுழைகிற அளவுக்கு ஓர் இடைவெளி எப்போதும் இருந்தது. பாஞ்சாலை கத்திப் பேசுகிற இடத்தில் ராணியம்மாள் மெதுவாகக் கேலி பேசுவாள். அவள் பேச்சுதான் அதிக தூரம் போகும்.

டின்கள் மேல்பாறையின் அடியில், வெள்ளம் கொண்டுவந்து ஒதுக்கிய சருகுக் குவியலுக்குள் கிடந்தன. மொத்தம் பதினொன்று. ஓடைக்கு மேலே ஒன்றரை மைல் தள்ளிக் கீழ்நாட்டுக்காரர் ஒருவர் குத்தகைக்கு எடுத்துப் போட்ட ஆரஞ்சுத் தோட்டம் இருந்தது. அங்கிருந்து வந்திருக்க வேண்டும். எல்லாவற்றிலும் துரு ஏறியிருந்தது. எழுத்து பாதி அழிந்து போயிருந்தது, மிஞ்சியதும் இங்கிலீஷ். அந்தப் பத்தொன்பது பேரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு ஒருவர்தான், அதுவும் தமிழ் மட்டும். ஆனால் ஒரு படம் மட்டும் எந்த டின்னிலும் அழியாமல் இருந்தது. சிவப்புக் கட்டத்துக்குள் ஒரு மண்டை ஓடு, அதன் கீழே குறுக்காக இரண்டு எலும்பு.

பாஞ்சாலைக்கு இரண்டு டின் அகப்பட்டது. ராணியம்மாளுக்குக் கிடைத்தது ஓர் ஒற்றைச் செருப்பு.

"பாருங்கடி என் அதிர்ஷ்டத்த" என்று அவள் செருப்பைத் தூக்கிக் காட்டினாள். பிறகு பாஞ்சாலையின் பக்கம் திரும்பி, "அர்ச்சுனனக் கட்டுன பாஞ்சாலைக்கு ரெண்டு போதுமா புள்ள? கணக்குக்கு அஞ்சு வேணாமா?" என்றாள்.

கரையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அர்ச்சுனனும் சிரித்தான். பாஞ்சாலைக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. ஒரு டின்னைத் தூக்கி ராணியம்மாளின் கூடையில் போட்டாள். "இந்தா, ஒண்ண நீ வெச்சிக்க. வாய மூடிக்கினு இரு."

ராணியம்மாள் டின்னை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பு நின்றது.

"இன்னா புள்ள இது, மண்டை ஓடு போட்டுருக்குது?"

"போட்டா இன்னா?"

"நல்ல பொருள்ல எவனாவது மண்டை ஓடு போடுவானா?"

"ஏங்க்கா, நம்ம ஆத்தா கழுத்துல தொங்குறது இன்னா, மல்லிப்பூவா? தீப்பெட்டில முருகன் இருக்குறாரு, ஊதுவத்தில லட்சுமி இருக்குது. இதுல காளியாத்தா முத்திரை. திருவிழாக்கு மூணு நாள் இருக்கச்சொல்ல அவ ஓடைலயே அவ குடுக்கறா, நீ எதோ கேள்வி கேக்கறியே."

அவள் சொன்னது அவளுக்கே சரியாகப் பட்டது. அவள் அறிந்த உலகத்தில் விற்பனைக்கு வருகிற பொருள்மேல் சாமி படம்தான் இருந்தது. ஆபத்து என்று சொல்லப் படம் போடுவார்கள் என்பதை அவளுக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை. சாமைக்கு மருந்து அடிக்கிற பழக்கமும் அந்த ஊரில் இல்லை. தெரிந்ததை எல்லாம் வைத்துப் பிசகாமல் யோசித்துத்தான் அவள் அந்தத் தவறுக்கு வந்து சேர்ந்தாள்.

புளியும் சாம்பலும் போட்டு மூன்று முறை தேய்த்தார்கள். ஒரு நெடி மட்டும் போகவில்லை. அதற்கும் பாஞ்சாலையே சமாதானம் சொன்னாள்: "இந்த நாத்தத்துக்கு வண்டு வராது. தானியம் போட்டா வருஷம் பூரா கெடக்கும்." அவள் தன் டின்னில் விதைச் சாமையைப் போட்டு மூடினாள். ராணியம்மாளிடம் அந்த வாரம் எடுத்த தேன் இருந்தது. அதை ஊற்றினாள்.

*

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை. தீர்த்தகிரி மஞ்சளும் வெல்லமும் வாங்கக் கலசப்பாக்கம் சந்தைக்குப் போயிருந்தான். வாணியம்பாடி ஹனீஃபா வருஷா வருஷம் வருகிறபடி லாரி கொண்டுவந்து, ஊர் முகப்பில் கடுக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். தோல் பதனிடுகிற ஷாப்புகளுக்குக் கடுக்காய் கொடுக்கிற வியாபாரி. இருபது வருஷமாக மலைக்கு வருகிறவர். மூட்டைக்கு மூட்டை ஏதாவது வேடிக்கை பேசுவார். பாஞ்சாலையை "இன்ஸ்பெக்டர் அம்மா" என்று கூப்பிடுவார்.

மாவிளக்குக்குச் சாமை மாவு இடித்தாயிற்றா என்று கேட்க, பாஞ்சாலை வேலி இடைவெளியில் நுழைந்தாள். ராணியம்மாள் உரலுக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் முதலில் நினைத்தாள். கிட்டே போனால் வாயோரம் நுரை வழிந்து, காதுக்குப் பக்கத்தில் மண் நனைந்திருந்தது. கை கால் விட்டு விட்டு வெட்டியது. கண் திறந்திருந்தது. கருவிழியின் நடுவில் இருக்க வேண்டிய கறுப்பு ஊசிமுனையாகச் சுருங்கியிருந்தது.

"அக்கா! அக்கா! இன்னா பண்ணுது?"

"மாவு பெசஞ்சேன்..." என்றாள் ராணியம்மாள். அதற்கு மேல் நாக்கு புரளவில்லை. பக்கத்தில் தேன் விட்டுப் பிசைந்த மாவு இருந்தது. ஒரு கை அளவு குறைந்திருந்தது. சாமிக்கு வைக்கிற மாவில் இனிப்பு போதுமா என்று வாயில் போட்டுப் பார்க்க மாட்டார்கள். சாமிக்கென்று எடுத்து வைப்பதற்கு முன் பசிக்குத் தனியாக ஒரு பிடி எடுத்துத் தின்றிருக்கிறாள்.

சில பூக்களின் தேன் பித்தமாக இருக்கும், தின்றால் தலை சுற்றும் என்பது மலையில் எல்லாருக்கும் தெரியும். பாஞ்சாலை அதைத்தான் நினைத்தாள். வைத்தியம் பார்க்கிறவர் தேனைப் பார்க்கக் கேட்பார் என்று டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டாள்.

ஹனீஃபா ஏற்றிய மூட்டையில் பாதியை ரோட்டிலேயே தள்ளச் சொன்னார். அர்ச்சுனனும் கிருஷ்ணனும் ராணியம்மாளைக் கட்டிலோடு தூக்கி வைத்தார்கள். அர்ச்சுனன் ஊரிலேயே நின்றுகொண்டான். பாஞ்சாலை மட்டும் ஏறினாள். இருபத்திரண்டு வளைவு இறங்கி, அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆயிற்று. வழியெல்லாம் பாஞ்சாலை ராணியம்மாளின் தலையை மடியில் வைத்து, வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாள். துடைத்த முந்தானையில் டின்னின் நெடி அடித்தது. அப்போதும் அவளுக்குப் புரியவில்லை.

நர்ஸ் குனிந்து முகர்ந்து பார்த்தாள். "எப்ப குடிச்சாங்க?"

"இன்னாத்த?"

"மருந்தம்மா. வீட்ல சண்டையா? புருஷன் அடிச்சாரா?"

பாஞ்சாலைக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாளைக்குத் திருவிழா. மாவிடிச்சிக்கினு இருந்தா. அவ எதுக்கு மருந்து குடிக்கப் போறா? தேன் தின்னா. இந்தத் தேனத்தான் தின்னா, பாரு." டின்னை நீட்டினாள்.

நர்ஸ் டின்னை வாங்கவில்லை. ஓர் அடி பின்னால் போனாள். "கீழ வைங்க அத. கையக் கழுவுங்க. டாக்டர்!" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஹனீஃபா டின்னை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஓரளவு இங்கிலீஷ் தெரியும். துருவுக்கு நடுவில் இருந்ததைக் கூட்டிக் கூட்டிப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்ஸ்பெக்டர் அம்மா" என்று வாய் தவறி ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டார். "பாஞ்சாலம்மா, இது பூச்சி மருந்து டின்னு. ஒரு சொட்டு ரத்தத்துல கலந்தாப் போதும், ஆளு காலி. யாரு இதுல தேன் ஊத்துனது?"

"அதுல காளியாத்தா முத்திரை இருக்குது பாயி."

"எங்க?"

அவள் விரலால் காட்டினாள்.

ஹனீஃபா அந்த மண்டை ஓட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவருடைய முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. பெரியவர் ஒருவர் தன் எதிரில் திடீரென்று ஆடையில்லாமல் நின்றால் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாமல் திணறுவோமே, அப்படித் திணறினார்.

"அது சாமி படம் இல்லம்மா" என்றார் கடைசியில். "விஷம்னு சொல்றதுக்குப் போடறது. படிக்கத் தெரியாதவங்களுக்குப் புரியட்டும்னு போடறது."

பாஞ்சாலை நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சுவர், டெட்டால் வாசனை, உள்ளே ராணியம்மாளுக்குக் குழாய் விடுகிற சத்தம் எல்லாம் எட்டத்தில் நடப்பதுபோல் இருந்தது. பிறகு சட்டென்று எழுந்தாள்.

"பத்து" என்றாள்.

"இன்னா பத்து?"

"இன்னும் பத்து டின்னு ஊர்ல இருக்குது பாயி. நாளைக்குத் திருவிழா."

உள்ளே போனாள். ராணியம்மாளின் கையைப் பிடித்தாள். பச்சிலை கட்டிய அதே கை. ராணியம்மாளுக்கு ஆள் தெரியவில்லை. பாஞ்சாலை கையை விட்டுவிட்டு வெளியே வந்து லாரியில் ஏறினாள். அந்தப் பெண்ணோடு யாரும் இல்லையா என்று நர்ஸ் வாசலில் நின்று கேட்டாள். பாஞ்சாலை துணிந்து செய்தாள் என்று சொல்லிவிடலாம். அவளுக்கு அது துணிச்சலாகத் தோன்றியிருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவரை விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருந்தது.

*

லாரி மேல்நாவலுக்குத் திரும்பியபோது வெயில் மலைக்கு அந்தப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி சந்தையிலிருந்து வந்து, பையைக்கூடக் கீழே வைக்காமல் ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். பைக்குள் ராணியம்மாளுக்கு வாங்கிய கத்தரிப்பூ நிறச் சேலையின் விளிம்பு தெரிந்தது.

"எங்க அவ?"

"ஆஸ்பத்திரில இருக்குது மாமா. பாயோட லாரியிலயே போங்க. சீக்கிரம் போங்க."

"இன்னா ஆச்சு? நீ ஏன் உட்டுட்டு வந்த?"

"போங்க மாமா."

ஹனீஃபா வண்டியைத் திருப்பினார். பாஞ்சாலை முதலில் தன் வீட்டு டின்னைக் கொண்டுவந்து, விதைச் சாமையோடு ரோட்டு நடுவில் வைத்தாள். பிறகு ஓடினாள். மூன்று நாளைக்கு முன்னால் எந்த வாசல்களில் நின்று கூப்பிட்டாளோ அதே வாசல்கள்.

"டின்னக் குடு. உள்ள இருக்குறத எவரும் வாயில வெக்காதீங்க. டின்னக் குடு."

கிருஷ்ணன் வாசலை மறித்து நின்றான். "நீதான வூடு வூடா வந்து டின்னு கெடக்குது, டின்னு கெடக்குதுன்னு ஆசை காட்டுன? இப்ப நீயே புடுங்க வந்துட்டியா? ஓடை குடுத்தது எங்க வூட்டுக்கு. அதக் கேக்க நீ யாரு?"

"அது விஷம்டா."

"காளியாத்தா முத்திரைன்னு சொன்னது யாரு? எங்கம்மாவா?"

"நாந்தான் சொன்னேன். தெரியாம சொன்னேன். அது சாமி இல்ல. செத்துப் போவன்னு சொல்ற படம் அது. நான் சொன்னது பொய்!"

அவள் கத்திச் சொன்னதைத் தெருவே கேட்டது. பாஞ்சாலை தன் வாயால் தன் பேச்சைப் பொய் என்று சொன்னதை அந்த ஊரில் யாரும் அதற்கு முன்னால் கேட்டதில்லை. கிருஷ்ணன் உள்ளே போய் டின்னைக் கொண்டுவந்தான். அதில் இலுப்பை எண்ணெய் இருந்தது, ராத்திரிப் பலகாரத்துக்கு எடுத்து வைத்தது. இன்னொரு வீட்டில் உப்பு. இன்னொன்றில் புளி. ஒரு வீட்டில் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள், இன்னும் ஒன்றும் போடவில்லை. அர்ச்சுனன் எண்ணிக்கொண்டே வந்தான். ஒன்பது.

"பத்தாவது யாருது?" என்றாள் பாஞ்சாலை.

யாருக்கும் நினைவு வரவில்லை. கடைசியில் அம்சவல்லி என்ற கிழவி கோயில் பக்கம் கையைக் காட்டினாள். "பூசாரி ஒண்ணு எடுத்தானே."

பூசாரி காசி அந்த டின்னைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அம்மன் முத்திரை போட்டது அம்மனுக்கே ஆகட்டும் என்று கோயிலில் வைத்துவிட்டான். விடியற்காலையில் கரகம் எடுக்கிறவர்களும் கூட வருகிறவர்களும் குடிக்க, ஊர் முழுக்க ஆளுக்கு ஒரு வாய், அதில் பானகம் கரைத்திருந்தான். வெல்லம் ஊறட்டும் என்று மேலே மாவிலையும் போட்டு வைத்திருந்தான்.

பாஞ்சாலை நேராக உள்ளே போய், இரண்டு கையாலும் டின்னைப் புரட்டித் தள்ளினாள். பானகம் பலிக்கல்லைச் சுற்றி ஓடிப் படிக்கட்டில் இறங்கியது.

"அடிப் பாவி!" என்று காசி தலையில் அடித்துக்கொண்டான். "அம்மனுக்குக் கரைச்சதத் தள்ளிட்டியே! உருப்படுவியா நீ? இந்த ஊரு உருப்படுமா?"

அர்ச்சுனன் ஓடிவந்து அவளை வெளியே இழுத்தான். நான்கு பேர் அடிக்கக் கை ஓங்கினார்கள். ஊர்க்கவுண்டர் ராஜாக்கண்ணு நடுவில் நின்று தடுக்காவிட்டால் அடித்திருப்பார்கள். விடிந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றார் அவர்.

விடிந்ததும் பேச்சுக்கு இடமில்லாமல் போயிற்று. பானகம் காய்ந்த கல்லில், வெல்லத்துக்கு வந்த எறும்புகள் கறுப்புக் கறுப்பாகச் செத்துக் கிடந்தன. மிளகைக் கொட்டியதுபோல் இருந்தது. காசி அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. ஊர் ஜனங்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்துவிட்டு, தங்கள் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போனார்கள்.

அன்று திருவிழா நடக்கவில்லை. பகல் பத்து மணிக்கு ஹனீஃபாவின் லாரி வந்தது. தீர்த்தகிரி பின்னால் உட்கார்ந்திருந்தான். ராணியம்மாள் அந்தக் கத்தரிப்பூ நிறச் சேலைக்குள் இருந்தாள்.

*

மூன்றாம் நாள் கோயிலுக்கு எதிரில் ஊர் கூடியது. அதற்குள் இரண்டு பேர் ஆரஞ்சுத் தோட்டத்துக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்திருந்தார்கள். "குழி வெட்டித்தான் பொதைச்சோம். மழை கெளப்பிக்கினு வந்தா நாங்க இன்னா பண்றது? டின்ன எடுத்துத் தேன் ஊத்தச் சொன்னோமா?" என்று காவல்காரன் கேட்டானாம்.

"யாரையும் சொல்லிக் குத்தமில்ல" என்றார் ராஜாக்கண்ணு. "ஓடைல கெடந்தது. எடுத்தா. ஊத்துனா. காலம் முடிஞ்சிது. இனிமே ஓடைய வழிக்கறது வேணாம். நம்ம ஓடைல இப்ப வர்றது நமக்குத் தெரிஞ்ச பொருள் இல்ல."

பலரும் தலையாட்டினார்கள். அந்த நேரத்தில்தான் தீர்த்தகிரி பேசினான்.

"புத்தி கெட்டவ" என்றான். செத்துப்போன மனைவியைத்தான் சொன்னான். "மண்டை ஓடு போட்டுருக்குது. கண்ணு இருக்குது இல்ல? ஒரு டின்னுக்கு ஆசைப்பட்டு எடுத்தாளே. யோசிக்க வேணாமா? இத்தினி வருஷம் கூட இருந்தேன், இவ்ளோ புத்தி கெட்டவன்னு தெரியாமப் போச்சே எனக்கு."

அர்ச்சுனன் பாஞ்சாலையின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினான். அவள் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, என்ன சொல்லிவிடுவாளோ என்று அவனுக்குப் பயம். வீட்டில் ஏற்கெனவே சொல்லியிருந்தான்: டின்னைக் கொடுத்தது நீ என்று கரையில் பார்த்தவர்கள்கூட மறந்துவிட்டார்கள், மண்டை ஓட்டைப் பார்த்து ராணியம்மாள் கேட்டது உன் காதில் மட்டும்தான் விழுந்தது, நீ வாயைத் திறக்காதே, அண்ணன் வீட்டு உறவு போய்விடும் என்று.

பாஞ்சாலை கையை உருவிக்கொண்டு எழுந்தாள்.

"மாமா. அந்த டின்ன அவ எடுக்கல. அவளுக்குக் கெடச்சது ஒத்தச் செருப்பு. டின்னு நான் குடுத்தது."

எல்லாரும் திரும்பினார்கள். அவள் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தாழ்ந்திருந்தது.

"அவ கேட்டா. இன்னா புள்ள மண்டை ஓடு போட்டுருக்குதுன்னு கேட்டா. நல்ல பொருள்ல எவனாவது மண்டை ஓடு போடுவானான்னு கேட்டா. பத்தொம்பது பேருல அவ ஒருத்திதான் கேட்டா. நான்தான் அது ஆத்தா முத்திரைன்னு வாய அடைச்சேன்."

வெயில் அடித்துக்கொண்டிருந்தது. தீர்த்தகிரி எழுந்து நின்றான். அவன் அடிப்பான் என்று அர்ச்சுனன் முன்னால் வந்து நின்றான். தீர்த்தகிரி தம்பியைப் பார்க்கவே இல்லை.

"அவ கேட்டாளா?"

"கேட்டா மாமா."

"சரி" என்றான் தீர்த்தகிரி. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான். மறுநாள் வேலியில் இருந்த இடைவெளியை முள் வைத்து அடைத்தான்.

ஊர் அவளுக்குத் தண்டம் எதுவும் போடவில்லை. யாரும் ஒரு சொல் சொல்லவில்லை. பத்து டின்னையும் பாஞ்சாலையும் அர்ச்சுனனும் கடப்பாறையால் குத்தி ஓட்டை போட்டார்கள், கல்லால் நசுக்கினார்கள். ஹனீஃபா கீழே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறேன் என்றதற்குப் பாஞ்சாலை, "கீழ இருக்கறவன் எடுத்துக் கழுவுவான்" என்றாள். ஓடையின் பக்கம் சரியாத ஒரு மேட்டில் ஆள் உயரத்துக்குக் குழி வெட்டிப் போட்டு, மேலே பாறையைப் புரட்டி வைத்தார்கள்.

*

அடுத்த வருஷம் திருவிழாவுக்கு மூன்று நாள் முன்னால், ஊர் வேண்டாமென்று சொன்ன அந்த நாளில், பாஞ்சாலை கூடையை எடுத்துக்கொண்டு தனியாக ஓடையில் இறங்கினாள். யாரையும் கூப்பிடவில்லை. கண்ணாடியையும் செருப்பையும் காகிதத்தையும் பொறுக்கிக் கரையேற்றினாள். மாலையில் வீட்டுக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அதற்கு அடுத்த வருஷம் அம்சவல்லி கிழவி வந்து கரையில் உட்கார்ந்துகொண்டாள். அதற்கும் அடுத்த வருஷம் நான்கு பேர். எண்பத்தைந்தில் கிருஷ்ணன் வீடு வீடாகப் போய், "குடிக்கறது நாமதான?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சொல் யாருடையது என்று அவனுக்கு நினைவிருந்ததா, தெரியாது. பதினான்கு பேர் வந்தார்கள். எது அகப்பட்டாலும் யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷம் தீர்த்தகிரியும் வந்தான். பாஞ்சாலை நின்ற இடத்துக்கு இரண்டு பாறை தள்ளி இறங்கி, பேசாமல் பொறுக்கினான். உச்சி வேளையில் மேல்பாறைக்குக் கீழே, சருகு நீக்கிய இடத்தில், தண்ணீர் தெளிந்து ஓடியது. அவன் குனிந்து இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தவன், நான்கு வருஷத்துக்கு அப்புறம் முதல் தடவையாக அவளோடு பேசினான்.

"நல்லாத்தான் இருக்குது. குடி."

பாஞ்சாலை அவனைப் பார்த்தாள். கூடையைக் கரையில் கவிழ்த்தாள். பிறகு அங்கே வைத்திருந்த தன் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி, முக்கால் மைல் ஏற்றத்தில் இருந்த கல்சுனைக்கு நடந்தாள். எண்பத்தொன்று சித்திரையிலிருந்து அவள் வீட்டுக்குக் குடிக்கிற தண்ணீர் அங்கிருந்துதான் வந்தது. ஓடையை வழிப்பதை அவள் ஒரு வருஷமும் விடவில்லை. அந்த ஓடையில் ஒரு வாய் தண்ணீரும் அவள் குடிக்கவில்லை. ஏன் என்று அர்ச்சுனன் கேட்டிருக்கிறான், ஹனீஃபா கேட்டிருக்கிறார், கல்சுனைப் பாதையில் எதிரில் வந்தவர்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அவள் குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள்.